அழைப்பு மணி அடிக்காத வீடு

அத்தியாயம் 6

மேயர் அம்ப்ரோஸ் வோக்கியின் வீட்டு வாசலில் அழைப்பு மணிக்கான பொத்தான் இருந்தது. பித்தளையில், சிங்கத் தலை பொறித்து, பளபளவென்று. கஸ் நாஃப்டல் அதை மூன்று முறை அழுத்தினான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

“மணி செத்துப்போச்சு டாக்டர். துக்கம் விசாரிச்சுட்டுக் கிளம்பிடலாமா?”

“கம்பியைப் பாரு,” என்றார் டாக்டர் வினிஃப்ரெட் பட்டிஸ்டர்.

கஸ் குனிந்து பார்த்தான். பொத்தானிலிருந்து கிளம்பிய கம்பி சுவருக்குள் நுழையும் முன்பே கத்தரிக்கப்பட்டிருந்தது. நுனியில் ஐந்தாறு அடுக்கு பெயின்ட். யாரோ ரொம்ப காலத்துக்கு முன்பே வெட்டிவிட்டு, வீட்டுக்கு வர்ணம் அடிக்கும்போதெல்லாம் அந்த வெட்டுக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள்.

டாக்டர் வினிஃப்ரெட் ஐம்பத்தெட்டு வயதுத் துப்பறிவாளர். ஆனால் அவர் தேடும் குற்றவாளிகளுக்குக் கைகால் கிடையாது. மனிதனுக்குள் முந்நூறு கோடி எழுத்தில் எழுதப்பட்டிருக்கும் பரம்பரைப் பத்திரத்தில், எந்த ஒற்றை எழுத்து மாறியதால் ஒரு குடும்பமே செத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். கஸ் அவருடைய உதவியாளன். ரத்தம் எடுப்பான், இசிஜி எடுப்பான், வண்டி ஓட்டுவான். வாயை மூடுவது மட்டும் அவன் வேலைப் பட்டியலில் இல்லை.

நியூஃபவுண்ட்லாந்து தீவின் வடக்குக் கரையில் இருக்கும் இந்த டர்ன்ஸ்டோன் கோவ் கிராமத்தில் மொத்தம் இருநூற்று நாற்பது பேர். நாற்பத்துச் சொச்சம் பேர் வோக்கி, மீதிப் பேர் பெரும்பாலும் டிஸ்ஸார்ட். டிஸ்ஸார்ட் குடும்பத்தில் நாற்பது வருடத்தில் ஐந்து பேர் முப்பதைத் தொடாமல் போயிருந்தார்கள். ஒருவன் டெலிபோன் மணி அடித்தபோது. ஒருத்தி வெளியூர்க் கல்யாண வீட்டில் வாழ்த்துத் துப்பாக்கி வெடித்தபோது. கடைசியாகப் போனவன் ஹார்வி. அலாரம் அடித்தபோது கண்ணைத் திறந்தான், அவ்வளவுதான். ஊர் அதற்கு ‘டிஸ்ஸார்ட் சாபம்’ என்று பெயர் வைத்தது. டாக்டர் இரண்டு வருடம் உட்கார்ந்து அந்தச் சாபத்தின் விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இதயத்துக்கான மரபணு ஒன்றில், ஒரே ஒரு எழுத்து.

இன்று அவர்கள் இங்கே வந்தது மேயரின் கடிதத்தால். மேயரின் ஒரே மகள் கோரா, இறந்துபோன ஹார்வியின் தம்பி லீவையைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். இன்னும் மூன்று வாரம். லீவையின் ரத்தப் பரிசோதனை முடிவை ‘பொதுநலன் கருதி’ தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மேயர் நகராட்சி முத்திரை வைத்து எழுதியிருந்தார்.

கதவைத் திறந்தது கோராவேதான். இருபத்தேழு வயது, மாவு ஒட்டிய கைகள்.

“உள்ள வாங்க. ஜன்னல் வழியாப் பார்த்தேன். இங்க மணி அடிக்கிற பழக்கம் இல்ல.”

கூடத்தில் மேயர் நின்றிருந்தார். ஆள் உயரம், மீசை வெள்ளை, குரல் மட்டும் பட்டு. டாக்டர் உட்காரும் முன்பே அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார். டெலிபோன் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. யாராவது கூப்பிட்டால் மணிக்குப் பதில் அது கண் சிமிட்டும். சுவரில் ஆளுயரக் கடிகாரம், பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி ஆனபோது உள்ளே ஏதோ ‘தொப்’ என்றது. மணி அடிக்கும் சுத்தியலுக்குப் பச்சைக் கம்பளித் துணி சுற்றியிருந்தார்கள்.

“வோக்கிகள் சத்தம் போடுறவங்க இல்ல, டாக்டர்,” என்றார் மேயர், டாக்டரின் பார்வையைக் கவனித்து. “எங்க தாத்தா ஜோசையா காலத்துலேர்ந்து அப்படித்தான். நாலாம் நம்பர் ஊர்ச் சட்டம் அவர் போட்டது. சங்கு, துப்பாக்கி, சைரன் எதுவும் ஊருக்குள்ள கூடாது. அமைதிங்கறது ஒரு வளர்ப்பு. டிஸ்ஸார்ட் வீட்டுப் பக்கம் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது.”

“இது யாரு மேயரய்யா?” கஸ் சுவரிலிருந்த ஒரு இளைஞனின் படத்தைக் காட்டினான்.

“சித்தப்பா ரெஜினால்ட். ராஜா முடிசூட்டு விழாக் கொண்டாட்டம் பார்க்கத் தலைநகர் செயின்ட் ஜான்ஸ் போயிருந்தார். பீரங்கி மரியாதை கொடுத்தாங்க. முதல் குண்டுலயே உயிர் போயிடுச்சு. ராஜ விசுவாசம். நெஞ்சு தாங்கல.”

“இருபத்தொரு குண்டுல இருபதை மிச்சம் பண்ணிட்டார்,” என்று கஸ் டீக் கோப்பைக்குள் முணுமுணுத்தான்.

மேயர் டாக்டரிடம் திரும்பினார். “அந்தப் பையனோட முடிவு?”

“லீவையோட முடிவு லீவைக்குத்தான்.”

“நான் மேயர்.”

“ஊருக்கு மேயர். அவன் ரத்தத்துக்கு இல்ல.”

மேயருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வளர்ப்பு காரணமாக அவர் குரல் உயரவில்லை. “என் ரத்தத்துல நூத்தைம்பது வருஷமா ஒரு கறை கிடையாது. அதுல போய் சாபத்தைக் கலக்கணுமான்னு கேக்கறேன். தப்பா?”

“அப்பா,” என்றாள் கோரா.

“சரி, சரி. மூணு மணிக்கு நகராட்சிக் கூடத்துக்கு வந்துடுங்க. மாகாண அரசு எல்லா ஊருக்கும் தீயணைப்பு சைரன் வைக்கணும்னு உத்தரவு போட்டிருக்கு. எனக்கே பிடிக்கல. ஆனா பலகையில என் பேர் போட்டிருக்காங்க, போட்டோ எடுக்க ஆள் வருது. கோராதான் பொத்தானை அழுத்தறா.”

கிளம்பும்போது டாக்டர் அந்தக் கடிகாரத்தின் முன்னால் சற்று நின்றார். சுத்தியலில் சுற்றியிருந்த கம்பளியை உற்றுப் பார்த்தார்.

*

டல்சி டிஸ்ஸார்டின் சமையலறை மேயர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அங்கே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். டல்சி விதவை. சாபம் அவள் கணவன் வழியில் வந்தது. மூத்த மகன் ஹார்வியை எடுத்துக்கொண்டது. இளையவன் லீவை மேஜைக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“உக்காரு கண்ணு,” என்றாள் டல்சி கஸ்ஸிடம், அவனைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவள் போல. “ரத்தம் எடுக்க வரலைன்னா பன் சாப்பிடு. ரத்தம் எடுக்க வந்திருந்தாலும் சாப்பிடு. இருபது வருஷமா எந்த எந்தப் பல்கலைக்கழகமோ வந்து எடுத்துட்டுப் போச்சு. எங்க ரத்தம் ஆஸ்திரேலியா வரைக்கும் போயிருக்காம். நாங்க பக்கத்து டவுன் கேண்டரைத் தாண்டினதில்ல. ஒரு கடுதாசி வந்திருக்கணுமே.”

“அதனாலதான் நேர்ல வந்தேன் டல்சி,” என்றார் டாக்டர். உறையைப் பிரிக்காமலேயே லீவையைப் பார்த்தார். “உனக்கு இல்ல, லீவை. அந்த எழுத்து உன்கிட்ட சரியா இருக்கு.”

லீவை சிரிக்கவில்லை. தொப்பியை மேஜை மேல் வைத்தான்.

“அன்னைக்கு அலாரம் வச்சது நான்,” என்றான். “விடிகாலையில வலை எடுக்கப் போகணும்னு. ஹார்வி என் பக்கத்துல படுத்திருந்தான்.”

டல்சியின் கை பன் தட்டின் மேல் அப்படியே நின்றது. அவளுக்கு இது இன்றுதான் தெரிகிறது.

“லீவை, நான் சொல்றதைக் கேளு,” என்றார் டாக்டர். “இதயம் ஒவ்வொரு தடவை துடிச்சதும் கொஞ்சம் ஓய்வெடுக்கணும். அதுக்கு அதோட செல்கள்ல பொடிக் கதவுங்க இருக்கு, பொட்டாசியம் வெளிய போக. உங்கண்ணனுக்கு அந்தக் கதவு சரியாத் திறக்காது. ஒரே ஒரு எழுத்துப் பிழை. ஓய்வு முடியறதுக்குள்ள திடீர்னு சத்தம் வந்தா தாளம் கலைஞ்சுடும். அலாரம் இல்லன்னா டெலிபோன். டெலிபோன் இல்லன்னா நாய். நீ கொல்லல.”

டல்சி எழுந்து போய் மகனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கஸ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“டாக்டர்,” என்றான்.

பார்த்தார். சுத்தியலில் கம்பளித் துணி. இங்கே சிவப்பு.

“எங்க வீட்டுக்காரரோட அம்மா சுத்தினது,” என்றாள் டல்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “சாபம் இருக்கற வீட்டுல மணி அடிக்கக் கூடாதுன்னு. எங்களைப் பார்த்து ஊரே சிரிக்கும்.”

“மேயர் வீட்டுலயும் சுத்தியிருக்காங்க.”

“அவங்க பெரிய மனுஷங்க. அவங்க சுத்தினா அது மரியாதை.”

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். “மேயர் வீடு எப்பக் கட்டினது டல்சி?”

“கேப்டன் ஒபடையா வோக்கி கடல்ல இருந்தப்ப. மேயரோட கொள்ளுத்தாத்தா. அவர் திரும்பி வர்றதுக்குள்ள வீட்டை முடிச்சுடணும்னு சொல்லிட்டுப் போனாராம். கட்டினது எங்க ஆள்தான், தச்சர் எலைஜா டிஸ்ஸார்ட். என் வீட்டுக்காரருக்குக் கொள்ளுத்தாத்தா. அச்சு மாதிரி வேலை செய்வாராம். கேப்டன் பெண்சாதி கூடவே நின்னு மேற்பார்வை பாத்துக்கிட்டாளாம்.”

கஸ் பன்னைக் கடிப்பதை நிறுத்தினான்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். “கஸ், வண்டியை எடு. இசிஜி மெஷின் பின் சீட்டுல இருக்கா?”

“இருக்கு. மேயர் என்ன ப்ளான் பண்றார்னு நானும் யோசிச்சேன். லீவையை மேடையில நிக்கவச்சு சைரனைக் கத்த விட்டு, விழறானா பாக்கப் போறார். வீட்டுலயே மரபணு ஆராய்ச்சி.”

“லீவைக்கு ஒண்ணும் ஆகாது. நான் பயப்படறது பொத்தானை அழுத்தப்போற கையைப் பத்தி.”

*

நகராட்சிக் கூடத்தின் வாசல் நடையில் வோக்கி குடும்பத்தின் பெருமைகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். டாக்டர் அவற்றைத் தாண்டி ஓடவில்லை. முப்பது நொடி நின்றார்.

முதல் சட்டத்தில் கேப்டன் ஒபடையாவின் கப்பல் குறிப்பேடு. புறப்பட்டது 1891 மார்ச். தென் அமெரிக்கா வரை போய்விட்டு ஊர் திரும்பியது 1892 ஆகஸ்ட். பதினேழு மாதம் ஊர் மண்ணை மிதிக்காத வீரப் பயணம் என்று கீழே எழுதியிருந்தது. இரண்டாவது சட்டத்தில் குடும்ப பைபிளின் முதல் பக்கம். மகன் ஜோசையா பிறந்தது 1892 மே.

இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. நூற்றிருபது வருடமாக அந்த வழியாகப் போன ஒருவரும் கழித்துப் பார்க்கவில்லை.

“கேப்டன் கடல்ல, பெண்சாதி இங்க,” என்றான் கஸ் விரல் விட்டு எண்ணியபடி. “எலைஜா வீடு மட்டும் கட்டல போல.”

“மூணாவது ஃப்ரேமைப் படிச்சியா?”

“நாலாம் நம்பர் ஊர்ச் சட்டம். ஜோசையா கையெழுத்து.” கஸ் இன்னும் கிட்டப் போய்க் கடைசி வரியைப் படித்தான். அவன் முகம் மலர்ந்தது. “டாக்டர், நீங்க பின்பக்கமா மேடைக்குப் போங்க. எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க.”

உள்ளே நூற்றிருபது பேர். ரத்தப் பரிசோதனையில் ‘சாபம்’ உறுதியான டிஸ்ஸார்ட்களை, சைரன் விழா பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்த டாக்டரே காலையில் மலைக்குப் பழம் பறிக்க அனுப்பியிருந்தார். வோக்கிகளில் ஒருவர்கூட வீட்டில் இல்லை. மேடையில் கோரா, பட்டன் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு. கூரை மேல் சைரன். டாக்டர் கத்தியிருக்கலாம். ஆனால் ஏன் என்று நூற்றிருபது பேர் கேட்பார்கள். அந்தப் பதில் கோராவுக்கு மட்டும் சொந்தமானது.

“இத்துடன் நமது ஊர் புதிய யுகத்தில்...” என்று மேயர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒழுங்குப் பிரச்சினை, மேயரய்யா.” கடைசி வரிசையில் கஸ் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

“நீங்க இந்த ஊர்க்காரரே இல்ல.”

“இல்லதான். ஆனா ஊர்ச் சட்டம் நம்பர் நாலு, கடைசி வரி. ‘ஒலி எழுப்பும் கருவி எதற்கும் யாராயினும் ஆட்சேபிக்கலாம், ஆட்சேபம் தீரும்வரை கருவி ஒலிக்கலாகாது.’ உங்க தாத்தா எழுதினது. வாசல்ல மாட்டியிருக்கீங்க. சட்டத்தை ரத்து பண்ணினீங்களா?”

மேயர் வாயைத் திறந்தார். ரத்து செய்யவில்லை. பலகை செய்யும் மும்முரத்தில் மறந்துவிட்டது.

“ஜோசையா தாத்தா சட்டத்தை ரத்து பண்ண இவர் யாரு?” என்று ஒரு வோக்கி எழுந்தார். “சைரன் கருவியா, பாதுகாப்பான்னு முதல்ல முடிவு பண்ணுங்க,” என்று ஒரு டிஸ்ஸார்ட் எழுந்தார். மூன்றாவது ஆள் துணைக்குழு போடச் சொன்னார். நான்காவது ஆள், துணைக்குழுவுக்கு முன் டீ என்று திருத்தம் கொண்டுவந்தார். டர்ன்ஸ்டோனில் ஒரு விவாதம் தொடங்கிவிட்டால் அதை நிறுத்த எந்தப் பொத்தானும் கிடையாது.

டாக்டர் மேடை ஓரம் கோராவின் முழங்கையைத் தொட்டார். “ஒரு நிமிஷம் உன்கூடத் தனியாப் பேசணும்மா. அந்தப் பெட்டியோட சாவியையும் எடுத்துக்க.”

*

கூடத்தின் பின்பக்கச் சமையலறையில், போலோனா இறைச்சி வைத்த சாண்ட்விச் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, கோரா மேஜை மேல் படுத்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

“ரெண்டு தடவை மயக்கம் போட்டு விழுந்திருக்கேன். ஸ்கூல்ல தீ ஒத்திகை மணி அடிச்சப்ப ஒரு தடவை. ஏர்போர்ட்ல ஒரு தடவை. நரம்பு வீக்குன்னு அப்ப பாத்த டாக்டர் சொன்னார். அப்பா அதை மென்மையான வளர்ப்புன்னு சொல்வார்.”

விவாதத்தைத் தழைக்க விட்டுவிட்டு வந்திருந்த கஸ் காகிதத்தை உருவி டாக்டரிடம் கொடுத்தான். இந்த முறை நகைச்சுவை இல்லை. இதய ஓய்வின் நீளத்தைக் காட்டும், நானூற்று அறுபதைத் தாண்டக்கூடாத எண் ஐந்நூற்றுப் பத்தில் நின்றது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இதயத்தின் ஓய்வு நீளமாக இருக்கிறது. மாத்திரை இருக்கிறது, இன்றே தொடங்கலாம். மற்றபடி ஆயுசுக்கும் வாழலாம். டிஸ்ஸார்ட் குடும்பத்தின் அதே எழுத்தா என்று ரத்தம்தான் சொல்லும்.

“நீங்க என்ன நினைக்கறீங்க?” என்றாள் கோரா.

“அதேதான்னு நினைக்கறேன்.”

கோரா எழுந்து உட்கார்ந்தாள். “லீவையை வரச் சொல்லுங்க. அப்பாவையும்.”

லீவை முதலில் வந்தான். கேட்டான். தன் போனை எடுத்துச் சத்தத்தை அணைத்தான். பிறகு கோராவின் போனை எடுத்து அதையும் அணைத்தான். “இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்,” என்றான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மேயர் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும், “அவ அம்மா வழியா இருக்கும்,” என்றார். “அவங்க கேண்டர் பக்கம்.”

“அவங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க வீட்டு மணிக் கம்பியை வெட்டியாச்சு,” என்றார் டாக்டர். “உங்க தாத்தா சட்டம் போட்டப்போ அவங்க பிறக்கவே இல்ல. உங்க சித்தப்பா ராஜ விசுவாசத்துல சாகல. டிஸ்ஸார்ட்கள் கடிகாரத்துக்குக் கம்பளி சுத்தினதும் நீங்க சுத்தினதும் ஒரே காரணத்துக்காகத்தான். அவங்க அதைச் சாபம்னாங்க, நீங்க வளர்ப்புன்னீங்க.”

“எங்களுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?”

“வாசல்ல குறிப்பேடும் பைபிளும் ரெண்டு ஃப்ரேம்ல மாட்டியிருக்கீங்க. போய்க் கழிச்சுப் பாருங்க.”

மேயர் போனார். திரும்பி வர நான்கு நிமிடம் ஆனது. கணக்கு அவ்வளவு கடினம் இல்லை. ஒத்துக்கொள்ள நேரம் பிடித்திருக்க வேண்டும். வந்தவர் மகளைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“யாருக்கும் தெரிய வேண்டாம், டாக்டர்.”

“நான் சொல்ல மாட்டேன். சட்டப்படி சொல்லவும் முடியாது. ஆனா வெளிய நாற்பத்தொரு வோக்கிகள் உக்காந்திருக்காங்க. அதுல எத்தனை பேருக்குன்னு தெரியாது. அடுத்த வாரம் மாகாணத்துலேர்ந்து வந்து அவங்களே சைரனை அழுத்துவாங்க. நீங்க சொன்னா நாற்பத்தொரு பேரும் இன்னைக்கே ரத்தம் குடுக்கக் கையை நீட்டுவாங்க.”

“என்ன சொல்லச் சொல்றீங்க? எங்க கொள்ளுப்பாட்டி...”

“அவங்க பாவம், பதினேழு மாசம்,” என்றாள் கோரா. “அப்பா, என்னைப் பாருங்க. நான் இன்னைக்கு அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பேன்.”

அவர் பார்த்தார். அவளுடைய நெஞ்சில் ஒட்டியிருந்த கம்பிகளைப் பார்த்தார். எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

கூடத்தில் விவாதம் துணைக்குழுவின் துணைக்குழு வரை வந்திருந்தது. மேயர் மேடையேறி மைக்கை அணைத்தார். இருபத்திரண்டு வருடப் பதவிக் காலத்தில் அவர் அதைச் செய்து யாரும் பார்த்ததில்லை. ஊர் தானாக அமைதியானது.

“டிஸ்ஸார்ட் சாபம்னு ஒண்ணு கிடையாது,” என்றார். “அது ஒரு நோய். என் மகளுக்கு இருக்கு. சொல்லலாம்னு அவதான் சொன்னா. எனக்கும் இருக்கும். வோக்கிகள் எல்லாருக்கும் இருக்கலாம்.” நிறுத்தினார். மீதியையும் சொன்னார். குறிப்பேட்டை, பைபிளை, வீடு கட்டிய தச்சனை. ஒரு வார்த்தையையும் விடவில்லை. பிறகு கோட்டைக் கழற்றி, வலது கைச் சட்டையை மடித்து, மேடையை விட்டு இறங்கினார்.

கஸ் அதற்குள் ஓரமாக மேஜை போட்டு ஊசியும் குழாய்களும் அடுக்கியிருந்தான். அங்கே முன் வரிசையில் டல்சி டிஸ்ஸார்ட் இருந்தாள். ஹார்வியைப் புதைத்த அன்று வோக்கி வீட்டிலிருந்து ஒரு மலர்கூட வரவில்லை. அதை இருவரும் மறந்திருக்கவில்லை.

மேயர் அவள் முன்னால் வந்து நின்றார். பட்டுக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

“டல்சி, உன் பையனைக் குடுப்பியா? எங்க வீட்டுல நோய் இருக்கு.”

டல்சி டாக்டரைப் பார்த்தாள். “உறவாயிட்டாங்களே, கட்டலாமா?”

“ரொம்பத் தூரத்து உறவு. லீவையோட முடிவு உனக்கே தெரியும். தாராளமாக் கட்டலாம்.”

டல்சி தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேயரின் மடித்த சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டாள்.

“உக்காரு அம்ப்ரோஸ். கையை விறைப்பா வச்சுக்காத, வலிக்கும். சம்பந்தியாகலாம்னு வந்தேன். பாத்தா நீ பங்காளி.”